அடக்க உடை

நம்முடைய வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். நம் மாதா கோயில் வாசலில் புதிதாக வைத்திருக்கும் பலகை. மேலே 'அடக்கமான உடையில் ஆலயத்துக்கு வரவும்' என்று எழுத்து. கீழே பொம்மைகள்: கையில்லாத ஜாக்கெட் போட்ட பெண், முட்டி தெரியும் பாவாடை போட்ட பெண், அரைக்கால் டவுசர் போட்ட ஆண். எல்லார் மேலும் சிவப்பில் ஒரு குறுக்குக் கோடு. அதற்கப்புறம் நீங்கள் எல்லாரும் சேர்ந்து அடித்த கூத்தை நான் பல்வலியோடு உட்கார்ந்து படித்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது வேண்டியதுதான் என்றது ஒரு கட்சி. ஆண்டவர் மனசைப் பார்க்கிறாரா, சட்டையைப் பார்க்கிறாரா என்றது இன்னொரு கட்சி. நடுவில் யாரோ அந்தக் குருத்து ஞாயிறை ஞாபகப்படுத்திவிட, அதைப் பற்றி ஆளுக்கொரு கதை. என் பெரியப்பா அன்றைக்குக் குடித்திருந்தார் என்று ஒருவர் எழுதியிருக்கிறீர்கள். வேண்டுமென்றே சாமியாரைக் கேலி செய்ய வந்தார் என்று இன்னொருவர். இரண்டுமே தப்பு. ஒரே வருஷத்தில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியவர்கள் நாம் என்ற உரிமையில் சொல்கிறேன், நீங்கள் கோயிலுக்குள் நடந்ததை மட்டும்தான் பார்த்தீர்கள். நான் அந்த வீட்டுக்குள் இருந்தவள்.

அப்போது எங்கள் வீடு தொம்மலூரில், பழைய ஊருக்குள் இருந்தது. இப்போது அந்த இடத்தில் கண்ணாடி வைத்த ஆபீஸ் கட்டடம் நிற்கிறது. ஓடு போட்ட இரண்டு அறைக்குள் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை, அப்பாவின் அண்ணனான பெரியப்பா. பெரியப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். நுரையீரலில் கல்தூசி அடைத்துக்கொண்டது, இனி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு ஒரு தகரப் பெட்டியோடு எங்களிடம் வந்து சேர்ந்தார். தம்பியையும் தங்கையையும் ஆளாக்குகிறேன் என்று தனக்குக் கல்யாணம் செய்துகொள்ளவே மறந்துபோனவர். வெடிச் சத்தத்தில் காது பாதி போயிருந்தது. அதனால் அவர் இரகசியம் பேசினால் தெருமுனை வரை கேட்கும்.

அத்தை ரேடியோ பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பச்சை, ரோஸ், மஞ்சள், கத்திரிப்பூ நிறம் என்று சேலைக்குச் சேலை ஜாக்கெட், எல்லாம் அவளே கால்மிஷினில் தைத்தது, ஒன்றுக்கும் கை கிடையாது. ஏன் என்று அம்மா ஒருமுறை கேட்டதற்கு, "எனக்குப் புடிச்சிருக்கு அண்ணி" என்று மட்டும் சொன்னாள். அவளுடைய கைகள் அழகாக இருக்கும். அதை அவளும் அறிவாள் என்பதுதான் தெருவுக்குப் பொறுக்கவில்லை.

நம்முடைய ஞானோபதேச சிஸ்டரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். புதுநன்மைக்காக அவர் நமக்குச் சொல்லிக்கொடுத்த மந்திரங்களில் பாதி எனக்கு மறந்துவிட்டது, ஆனால் கழுத்துப்பட்டி தொண்டைக்குழிக்குக் கீழே இரண்டு விரல்தான் இறங்கலாம், கை முழங்கையைத் தொட வேண்டும், பாவாடை முட்டியைத் தாண்ட வேண்டும் என்பது மறக்கவில்லை. அவர் தன்னுடைய வெள்ளை அங்கியின் மார்பில் ஊக்குகளைக் கொத்தாகக் குத்தி வைத்திருப்பார். நம் கவுன் கழுத்து சரிந்தால் போதும், ஒன்றைக் கழற்றிச் சரக்கென்று குத்திவிடுவார். "ஆண்டவர் குடியிருக்கற வீடும்மா இது, கதவைச் சாத்தி வைக்கணும்" என்பார். பையன்கள் பக்கம் அந்த ஊக்கு ஒருநாளும் போனதில்லை. பையன்களுக்கு இருந்த ஒரே சட்டம் மூக்கைச் சிந்திவிட்டு வரவேண்டும் என்பதுதான்.

பெரியப்பாவின் தகரப் பெட்டிக்கு வருகிறேன். வருஷத்தில் ஒருநாள் அதைத் திறந்து துணிகளை வெயிலில் போடுவார். பாச்சை உருண்டை வாடை தெரு முழுக்க அடிக்கும். கறுப்புக் கோட்டு ஒன்று, அதற்குப் பொருந்திய கால்சட்டை ஒன்று, இரண்டும் சுரங்கத்தை விட்டு ஊருக்குப் போன ஒரு துரை கொடுத்தவை. கூடவே ஒரு வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டையைக் கொடியில் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். காலர் இருக்கும், பொத்தான் இருக்கும், கோட்டுக்கு வெளியே தெரிகிற அளவுக்கு மணிக்கட்டுப் பட்டிகூட இருக்கும். முதுகு இருக்காது. பின்னால் இரண்டு நாடாக்கள், குழந்தைக்குப் பால் புகட்டும்போது கட்டும் துணி மாதிரி.

"இது இன்னா சட்டை பெரிப்பா?" என்று கேட்டேன்.

"இது என் அடக்கத்துக்கு" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "கோல்டு ஃபீல்டுல எங்க லைன்ல இருந்த டெய்லரு தெச்சது. நான் கொண்டாந்து குடுத்த துணி பத்தல. அதுக்கு அவன் சொன்னான், மேல பாத்து படுக்கப் போறவனுக்கு முதுகு எதுக்குடான்னு."

கீழே இறங்குகிற ஒவ்வொரு நாளும் திரும்பி வருவோமா என்று தெரியாமல் இறங்கியவர்கள் அவர்கள். தன் அடக்கத்துக்குத் துணி எடுத்து வைப்பது அவருக்குத் தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ துணி எடுத்து வைப்பது போலத்தான். உயிரோடு இருக்கும்போது அதைப் போட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை லுங்கியோடு போய், கோயில் வாசலுக்கு வெளியே, லுங்கி கட்டியவர்கள் நிற்கும் மரத்தடியில் நின்று பூசை காண்பார். லுங்கிக்கு உள்ளே இடமில்லை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்களாகவே நின்றுகொண்டார்கள்.

அந்தத் தவக்காலத்தின் தொடக்கத்தில்தான் புதுச் சாமியார் வந்தார். மங்களூர்ப் பக்கம். வீட்டில் கொங்கணி, படித்தது கன்னடம், நமக்காகக் கற்றுக்கொண்டது தமிழ். இளம் வயது, நல்ல மனிதர், ஆனால் எதையாவது சரி செய்துவிட வேண்டும் என்ற அவசரத்தோடு வந்திருந்தார்.

அதே தவக்காலத்தில்தான் அத்தைக்குக் கல்யாணம் கூடிவந்தது. பாஸ்கா, அதாவது ஈஸ்டர், முடிந்ததும் கல்யாணம், அதற்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பாரே, அதுதான். மாப்பிள்ளை நம் பங்கு, நம் கோயிலைச் சேர்ந்தவர்தான், ரயில்வே வேலை. அந்தக் காலத்துப் பெல்பாட்டம் கால்சட்டை போடுவார். தொடையில் தோல் போல ஒட்டிக்கொண்டு, பாதத்தில் கூடாரம் போல விரிந்திருக்கும். அதைப் போட்டுக்கொண்டு அவரால் முட்டி போடவே முடியாது. எல்லாரும் மண்டியிடும்போது அவர் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நிற்பார். நாங்கள் சின்னப் பிள்ளைகள் அதற்காகவே அவரைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

முதல் ஓலை வாசித்த அன்றே வினை வந்தது. நன்மை வாங்குவதற்காகப் பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியில் வரிசையாக மண்டியிட்டிருந்தோம். அத்தை முந்தானையை முக்காடாகப் போட்டிருந்தாள். கையைக் குவித்தபோது முந்தானை வழுக்கித் தோள் தெரிந்துவிட்டது. சாமியார் அப்பத்தை அவள் வாய் அருகே கொண்டுவந்தவர், அப்படியே கையை இழுத்துக்கொண்டு, "போய்க் கையை மூடிட்டு வாம்மா" என்று சொல்லி அடுத்தவருக்கு நகர்ந்துவிட்டார். அடுத்தவர் மாப்பிள்ளை. மண்டியிட முடியாமல் நின்றுகொண்டே நாக்கை நீட்டினார். அவருக்குக் கிடைத்தது.

அத்தை எழுந்து நேராக நடந்து எங்களிடம் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அவளுடைய காது மட்டும் சிவந்திருந்தது. நன்மை மறுக்கப்பட்ட பெண் என்ற பேச்சு, நாங்கள் வீடு போய்ச் சேரும் முன்பே எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். அம்மா கொடுத்த காபியைத் தொடவில்லை. "இத பாருங்க, நான் கெட்டவ கெடயாது" என்று ஆரம்பித்தார். "ஆனா ஊரு சிரிக்குது. எல்லா ஜாக்கெட்டுக்கும் கை வெச்சி தெச்சிக்கிட்டு, சாமியார்கிட்ட போயி மன்னிப்பு கேக்கட்டும். இல்லன்னா மூணாவது ஓலை வாசிக்கும்போது நானே எழுந்து நின்னு நிறுத்திடுவேன்."

"கை வெக்கறதுன்னா வெச்சிக்கறேன்" என்றாள் அத்தை. "மன்னிப்பு எதுக்குங்க? நான் யாரை அடிச்சேன்?"

அந்த அம்மாளை நான் பல வருஷம் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அவர் பயந்தது ஆண்டவருக்கு அல்ல, கோயிலில் தனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு என்று இப்போது புரிகிறது. அது நம் எல்லாருக்கும் இருந்த பயம்தான்.

அத்தைக்கு அந்த மாப்பிள்ளையை நிஜமாகவே பிடித்திருந்தது. அதனால் மறுநாளே கடைவீதிக்குப் போய் ஒவ்வொரு ஜாக்கெட் நிறத்துக்கும் கைக்குத் துணி வாங்கிவந்தாள். வாங்கி மிஷின் மேல் வைத்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது. தினமும் வேலையிலிருந்து வந்து மிஷின் முன்னால் உட்காருவாள், துணியைத் தடவுவாள், எழுந்துவிடுவாள்.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு சாமியார் உடையைப் பற்றியே பிரசங்கம் வைத்தார். "உங்க உடம்பு ஆண்டவரோட ஆலயம். ஆலயத்தைத் தெறந்து போட்டுட்டுப் போவீங்களா? சட்டை, ரவிக்கை எதுவா இருந்தாலும் சரி, ஆண் பெண் யாரா இருந்தாலும் சரி. ஹெண்ணு மக்கள், பொண்ணுங்க முக்கியமா. அடுத்த வாரம் குருத்து ஞாயிறு. எல்லாரும் அடக்க உடை போட்டுத்தான் கோயிலுக்கு வரணும். அடக்க உடை!"

சொல்ல நினைத்தது அடக்கமான உடை. ஆனால் நம் ஜனங்களுக்கு அடக்கம் என்றால் முதலில் என்ன ஞாபகம் வரும்? அடக்கம் எத்தனை மணிக்கு, அடக்கப் பூசை எந்தக் கோயிலில், இதுதானே. பாட்டுக் குழுவில் யாரோ, "அதுக்கு எனக்கு இன்னும் நாள் இருக்கு" என்று முணுமுணுக்க, அந்த மூலையே குலுங்கியது. ஒருவரும் சாமியாரிடம் சொல்லவில்லை. வெளியே மரத்தடியில், கூம்பு ஸ்பீக்கருக்குக் கீழே நின்றிருந்த பெரியப்பா சிரிக்கவில்லை. தவக்காலத்தின் முதல் நாள் நெற்றியில் சாம்பல் பூசி, மண்ணிலிருந்து வந்தாய், மண்ணுக்கே போவாய் என்று அதே சாமியார்தானே சொன்னார். அதன் தொடர்ச்சியாகத்தான் அவர் இதை எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அத்தையிடம் கேட்டார். "இன்னாம்மா, சாமியாரு இப்டி சொல்லிட்டாரு? எல்லாருகிட்டயும் ரெடியா இருக்குமா?"

"இல்லாதவங்க தெச்சிக்க வேண்டியதுதான்" என்றாள் அத்தை வெடுக்கென்று. அவள் நினைப்பெல்லாம் கைத்துணியில் இருந்தது.

"ஒரு வாரத்துலயா? நீ இன்னா பண்ணப் போற?"

"துணி வாங்கி வெச்சிட்டேண்ணா. தெக்கத்தான் மனசு வரல."

பெரியப்பா சோற்றைப் பிசைந்த கையை அப்படியே நிறுத்தினார். "உனக்கு எதுக்கும்மா அது? கல்யாணம் ஆவப்போற பொண்ணு! இது இன்னா அநியாயம்!"

"அதையேதான் நானும் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு அத்தை எழுந்து போய்விட்டாள்.

பெரியப்பா அப்புறம் சாப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்து, "உங்க அத்தைக்கு பதிலா நான் ஒருத்தன் சொன்னபடி செஞ்சிட்டா சாமியாரு மனசு எரங்குவாரா பாப்பா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எரங்குவாரு பெரிப்பா என்றேன்.

குருத்து ஞாயிறு. தென்னங்குருத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நாம் எல்லாரும் பவனி போனோம், பிள்ளைகள் ஓலையால் ஒருவரையொருவர் குத்திக்கொண்டோம். அத்தையின் ஜாக்கெட்டுக்கு அப்போதும் கை இல்லை. அம்மா தன்னுடைய மூக்குப்பொடி நிறச் சால்வையை வம்படியாக அவள் தோளில் சுற்றிவிட்டிருந்தாள். அத்தைக்கு வேர்த்துக் கொட்டியது. எங்களுக்கு முன் வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா. மூன்றாவது ஓலைக்காகத் தயாராக, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பெரியப்பா எங்களோடு வரவில்லை, பின்னால் வருகிறேன் என்றார். இயேசுவின் பாடுகளின் வாசகம் ஆரம்பித்த பிறகு, பக்கவாட்டுக் கதவு வழியாகப் பாச்சை உருண்டை வாடை முதலில் வந்தது. பிறகு அவர் வந்தார். துரையின் கறுப்புக் கோட்டு அவருக்குத் தோளில் தொங்கியது. வெள்ளைக் காலர், மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கோயிலின் ஆண்கள் வரிசையில், நடுவே வந்து நின்றார். நான் பார்த்த மாத்திரத்தில் அது என்ன துணி என்று தெரிந்துகொண்டேன். அம்மாவின் கையைக் கிள்ளினேன். அம்மாவும் பார்த்துவிட்டாள்.

அந்த வாசகம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் வெயில், கம்பளிக் கோட்டு, கல்தூசி அடைத்த நெஞ்சு. இயேசு தலைசாய்த்து உயிர்விட்டார் என்று வாசித்ததும் கோயில் முழுக்க மண்டியிட்டது. பெரியப்பாவும் மண்டியிட்டார். இருமல் வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்படியே முன்னால் சரிந்தார்.

அந்தக் கோயிலில் அந்த நேரத்தில் நின்றுகொண்டிருந்தது ஒரே ஓர் ஆள், மாப்பிள்ளை. அதனால் முதலில் ஓடியதும் அவர்தான். ஓடிப்போய்த் தூக்குவதற்காக, எதையும் யோசிக்காமல் சடாரென்று குந்தினார். டர்ர்ர் என்று ஒரு சத்தம். உயிர்விட்ட ஆண்டவருக்காகக் கோயிலே மௌனமாக இருந்த நேரம் அது. கடைசி வரிசைக்கும் கேட்டது. இடுப்பிலிருந்து அடி வரை தையல் விட்டுப்போய், உள்ளே போட்டிருந்த கோடு போட்ட அண்டர்வேர் உலகத்துக்குத் தெரிந்தது.

ஆனாலும் அவர் விடவில்லை. அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கிழிந்தது கிழிந்ததுதான் என்று பெரியப்பாவைத் தூக்கி நிமிர்த்தி, மூச்சு விடட்டும் என்று கோட்டைக் கழற்றினார். கழற்றியதும்தான் எல்லாரும் பார்த்தோம். முன்பக்கம் காலரும் பொத்தானுமாக ஜோரான சட்டை. பின்பக்கம் இரண்டு நாடா, நடுவில் வெறும் முதுகு. அந்த முதுகு முழுக்கக் கல் பட்டு ஆறிய தழும்புகள், உள்ளே தூசி தங்கி நீலமாக இருந்தன. சிரிக்க ஆரம்பித்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

அத்தை வரிசையைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். தோளில் இருந்த சால்வையை இழுத்து அந்த முதுகின் மேல் போட்டு, இரண்டு கையாலும் அவரை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். ரோஸ் நிற ஜாக்கெட். தோளிலிருந்து விரல் வரை வெறும் கை.

சாமியார் பீடத்திலிருந்து இறங்கி வந்தார். "இந்த வெயில்ல எதுக்கு இந்தக் கோட்டு ஐயா?" என்றார்.

"நீங்கதான சாமி அடக்க உடையில வரச் சொன்னீங்க" என்றார் பெரியப்பா, இரைத்துக்கொண்டே. மூச்சில்லாவிட்டாலும் குரல் குறையவில்லை. "இதான் என் அடக்க உடை. மத்தவங்களுக்கு ரெடியா இல்ல. தங்கச்சி சின்னப் பொண்ணு, அதுக்கு வேணாம் சாமி. அதுக்கும் சேத்து நான் போட்டுக்கினு வந்துட்டேன்."

சாமியார் விழித்தார். நம் சிஸ்டர் அவர் காதருகே போய்க் கன்னடம் கலந்து சொன்னார்: "ஃபாதர், இவங்களுக்கு அடக்கம்னா மண்ணு மாடோது." புதைப்பது என்று அர்த்தம்.

சாமியார் பீடத்தின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. அழுகிறார் என்று உங்களில் பலர் இன்றுவரை நம்புகிறீர்கள். நான் பக்கத்தில் இருந்தேன், அவர் சிரித்தார். சிரித்து முடித்தபோது கண் ஈரமாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் களேபரத்தில் மாப்பிள்ளை, கையில் இருந்த குருத்தோலையைப் பின்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு, பின்னோக்கியே நடந்து வெளியேறினார். ஆதாமுக்கு அத்தி இலை, இவருக்குத் தென்னை ஓலை. சிஸ்டர் தன் மார்பில் இருந்த ஊக்குகளை ஒன்றுவிடாமல் கழற்றி என் உள்ளங்கையில் கொட்டினார். "ஓடு, குடுத்துட்டு வா, பாக்காத" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தேன். அந்த ஊக்கு ஓர் ஆணுக்குப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

நன்மை கொடுக்கும் நேரம் வந்தது. பெரியப்பாவால் எழுந்து கிராதிக்கு வர முடியாது என்று சாமியாரே அப்பத்தோடு இறங்கி வந்தார். முதலில் பெரியப்பாவுக்குக் கொடுத்தார். பெரியப்பாவைத் தாங்கிக்கொண்டிருந்ததால் அத்தையால் முந்தானையைக்கூட இழுத்துவிட முடியவில்லை. சாமியார் அவளைப் பார்த்தார். அவளும் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் இன்னோர் அப்பத்தை எடுத்தார். அத்தை வாயைத் திறந்தாள்.

கடைசியில் மூன்றாவது ஓலை. "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்றார் சாமியார். கோயில் முழுக்க ஒரே ஒருவரைப் பார்த்தது. மாப்பிள்ளையின் அம்மா வாசலைப் பார்த்தார். அங்கே, லுங்கிக்காரர்களோடு மரத்தடியில், முதுகை மரத்தோடு ஒட்டிக்கொண்டு அவருடைய மகன் நின்றிருந்தார். அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து ஜெபமாலையை எடுத்து, மிகவும் மும்முரமாக உருட்ட ஆரம்பித்தார்.

பாஸ்கா முடிந்து கல்யாணம் நடந்தது. கல்யாண ஜாக்கெட்டுக்கு அத்தை முழங்கை வரை கை வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். "யாரும் வெக்கச் சொல்லல, அதான் வெச்சேன்" என்றாள். சாமியார் அதற்கப்புறம் பிரசங்கத்துக்கு முன்பு என் அம்மாவிடம் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு போவார். உடையைப் பற்றிப் பேச வந்தால் 'மரியாதையான உடை' என்பார். கிண்டல் செய்வோம், கோபித்துக்கொள்ள மாட்டார். பெரியப்பாவையும் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். பெரியப்பா லுங்கியோடு வந்து உட்கார்ந்தார், பின்னாலேயே மற்ற லுங்கிகளும் வந்தன.

ஒன்று மட்டும் உங்கள் யாருக்கும் தெரியாது. கைக்காக வாங்கி மிஷின் மேல் கிடந்த துணிகளை அத்தை வீணாக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் பச்சை, ரோஸ், மஞ்சள், கத்திரிப்பூ எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று சேர்த்து, பெரியப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு முதுகு தைத்தாள். "எவனாவது என் அண்ணனைத் திருப்பிப் பாத்தா?" என்றாள். சில வருஷம் கழித்துப் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். நீங்கள் எல்லாரும் அடக்கத்துக்கு வந்தீர்கள். கறுப்புக் கோட்டும் வெள்ளைக் காலருமாகத் துரை மாதிரி படுத்திருக்கிறார் என்று சொன்னீர்கள். அவருக்கு அடியில் அத்தனை நிறம் இருந்தது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முதுகுதான் ஞாபகம் வருகிறது. எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம்.

போன வாரம் அந்தப் பலகைப் படத்தை அத்தையிடம் காட்டினேன். எண்பதை நெருங்குகிறாள், இன்னும் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டுதான் படிப்பாள். படித்தாள். "மறுபடியும் அடக்கமா?" என்று சிரித்தாள். பிறகு என்னைப் பீரோவுக்குக் கூட்டிக்கொண்டு போய், கீழ்த்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பாச்சை உருண்டை வாடை. உள்ளே ஒரு வெள்ளைச் சேலை, மேலே புதிதாகத் தைத்த ரோஸ் நிற ஜாக்கெட். கை இல்லை.

"இதுதான் என்னுது" என்றாள். "போடும்போது சாமியார் எதனா சொன்னா, இதான் அடக்க உடைன்னு சொல்லு." ஜாக்கெட்டைத் திருப்பி, என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தாள். "முதுகெல்லாம் இருக்கு. தடவிப் பாத்துக்கோ."

தடவிப் பார்த்தேன். இருந்தது.